தேரையா தண்டிப்பது?

பணி ஓய்வுக்குப் பின்னரும் அவ்வப்போது கல்லூரிகளில் உரையாற்றும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கிறது. பொருளியல் சார்ந்த எந்தத் தலைப்பில் பேசினாலும், உரை முடிந்ததும் மாணவர்கள் எழுப்பும் கேள்விகளுள் ஒன்று கடந்த சில ஆண்டுகளாக மாறாமல் இருக்கிறது. "செயற்கை நுண்ணறிவு ஒரு நாள் மனிதர்களை அடிமைப்படுத்திவிடுமா, ஐயா?" என்பதே அக்கேள்வி.

ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து எழுந்த கேள்வியன்று இது. திரைப்படங்களும் அறிவியல் புனைகதைகளும் இரண்டு நூற்றாண்டுகளாக நம் மனத்தில் ஊன்றிவைத்த அச்சத்தின் விளைவு. மனிதன் ஓர் இயந்திரத்தைப் படைக்கிறான். அது சிந்திக்கத் தொடங்குகிறது. படைத்தவனையே அழிக்க முற்படுகிறது. இந்தக் கதையை ஏதேனும் ஒரு வடிவில் பார்த்திராதவர் நம்மிடையே மிகக் குறைவு.

இளமை முதலே அறிவியல் புனைகதைகளைப் படித்து வருபவன் நான். பொருளியல் கற்றபின் அவற்றை மறுபடியும் படித்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. இவ்வகையில் காலத்தை வென்று நிற்கும் படைப்புகள் எவையும், 'இயந்திரம் கெட்டதா?' என்ற கேள்வியோடு நின்றுவிடவில்லை. அந்த இயந்திரம் யாருக்குச் சொந்தம், அதற்கு ஆணையிட்டது யார், அந்த ஆணையால் பயனடைந்தவர் யார், தீங்கு நேர்ந்தபின் யார் பொறுப்பேற்றார் என்பவற்றையே அவை துருவிக் கேட்கின்றன. அந்தக் கேள்விகளை மறந்துவிட்டு அச்சத்தை மட்டும் நாம் நினைவில் வைத்துக் கொண்டோம்.

மேரி ஷெல்லி 1818-இல் வெளியிட்ட 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலிலிருந்தே இதைத் தொடங்கலாம். அந்தப் பெயரைக் கேட்டவுடன் தையல் போட்ட முகம் கொண்ட ஒரு கோர உருவம் நம் கண் முன் வருகிறது. உண்மையில் ஃபிராங்கன்ஸ்டைன் என்பது அவ்வுருவத்தைப் படைத்த விஞ்ஞானியின் பெயர். நாவலில் அவனது படைப்புக்குப் பெயரே கிடையாது. உயிர் கொடுத்த அன்றே அதை அருவருத்துக் கைவிட்டு ஓடியவன் அவன். கைவிடப்பட்ட அந்த உயிர் ஒதுக்கப்பட்டும் வெறுக்கப்பட்டும்தான் கொலையில் இறங்குகிறது. படைத்தவனின் பெயரைப் படைப்பின் மீது சுமத்திவிட்ட நம் பொதுப்புத்தி, அவனது குற்றத்தையும் சேர்த்தே அதன் மீது சுமத்திவிட்டது.

அடுத்தது, 'ரோபோ' என்ற சொல்லையே உலகுக்கு வழங்கிய நாடகம். செக் மொழி எழுத்தாளர் கரேல் சாபெக் எழுதிய 'ஆர்.யூ.ஆர்.' 1920-இல் நூலாக வெளிவந்து, 1921-இல் பிராக் நகரில் அரங்கேறியது. அச்சொல்லைப் பரிந்துரைத்தவர் அவருடைய அண்ணனும் ஓவியருமான யோசெப் சாபெக். செக் மொழியில் 'ரொபோட்டா' என்றால், பண்ணையடிமைகள் நிலவுடைமையாளருக்குக் கூலியின்றிச் செய்ய வேண்டிய கட்டாய உழைப்பு என்று பொருள். நம் ஊர்களில் முன்பு வெட்டி வேலை என்று வழங்கப்பட்டதற்கு நிகரானது. ஆஸ்திரியப் பேரரசில் அந்த முறை 1848-இல்தான் ஒழிக்கப்பட்டது. சாபெக்கின் நாடகத்தைப் பார்த்தவர்களின் பாட்டன், முப்பாட்டன்மார் செய்த வேலை அது. ஆக, 'ரோபோ' என்ற சொல்லின் வேரில் இருப்பது இரும்போ மின்சாரமோ அல்ல. ஊதியம் மறுக்கப்பட்ட மனித உழைப்பு.

அந்த நாடகத்தில் வரும் ரோபோக்கள் உலோகத்தால் ஆனவையும் அல்ல. வேதியியல் முறையில் தயாரிக்கப்பட்ட தசையும் நரம்பும் கொண்டவை. அவற்றை வடிவமைத்த இளைய ரோசம் என்ற பொறியாளரின் தர்க்கம் எளிமையானது. சிறந்த தொழிலாளி யார்? மிகக் குறைந்த செலவில் கிடைப்பவர். மிகக் குறைந்த தேவைகளைக் கொண்டவர். எனவே, மனிதனிடமிருந்து உழைப்புக்குத் தேவையற்ற அனைத்தையும் நீக்கிவிட்டால் எஞ்சுவது ரோபோ. பொருளியல் வகுப்புகளில் உற்பத்திச் செலவுக் கோட்டை வரைந்து காட்டிய எனக்கு, அந்த வசனம் தந்த சங்கடம் இன்னும் நீங்கவில்லை.

நாடகம் முன்னேறுகையில் நிலைமை முற்றுகிறது. அரசுகள் ரோபோக்களை விலைக்கு வாங்கிப் போர்வீரர்களாக்குகின்றன. வேலையிழந்த மனிதர்களுக்கு வாழ்வின் பொருள் தொலைகிறது. குழந்தைகள் பிறப்பதே நின்றுபோகிறது. ஆபத்து கண்ணுக்குத் தெரிந்த பின்னரும் தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்தவில்லை. ஏன் நிறுத்தவில்லை என்பதற்கு நிறுவனத்தின் வணிக இயக்குநர் தரும் விளக்கமே அந்நாடகத்தின் மையம் என்பேன். உற்பத்தியைத் தீர்மானிப்பவர் மேலாளர் என்று எண்ணுவது அறியாமை. தேவைதான் அதைத் தீர்மானிக்கிறது. உலகமே வாங்கத் துடிக்கும்போது நாங்கள் எப்படி நிறுத்த முடியும் என்கிறார் அவர். நாடகத்தின் இறுதியில் ரோபோக்கள் மனித இனத்தை அழிப்பது அனைவருக்கும் தெரியும். ஆனால், அழிவு உறுதியானது அந்த வணிக இயக்குநரின் கணக்குப் புத்தகத்தில்தான்.

பின்னர் வந்தவர்களுள் ஐசக் அசிமோவ் முதன்மையானவர். 'ரோபோ படைத்தவனைக் கொல்லும்' என்ற தேய்ந்த கதையில் சலிப்புற்ற அவர், ரோபோவையும் மற்ற கருவிகளைப் போலப் பாதுகாப்பு அம்சங்களுடன் தயாரிக்கப்படும் ஒரு பொருளாகக் கருதினார். கத்திக்குப் பிடி இருப்பது போல ரோபோவுக்கும் ஏதேனும் இருக்க வேண்டுமல்லவா? அப்படிப் பிறந்தவையே புகழ்பெற்ற மூன்று விதிகள். மனிதனுக்குத் தீங்கு செய்யலாகாது, தீங்கு நேரும்போது வாளாவிருக்கவும் கூடாது என்பது முதல் விதி. முதல் விதிக்கு முரணாகாத வரை மனிதனின் கட்டளைக்குப் பணிய வேண்டும் என்பது இரண்டாவது. இவ்விரண்டுக்கும் முரணாகாத வரை தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும் என்பது மூன்றாவது.

இந்த விதிகள் செயற்கை நுண்ணறிவின் அறநெறிக்கு விடை என்று பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அசிமோவின் கதைகளைப் படித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். விதிகள் எவ்வாறு தோற்கின்றன என்பதைக் காட்டுவதற்காகவே அவர் அக்கதைகளை எழுதினார். மூன்று விதிகளும் முதன்முதலில் முழுமையாக இடம்பெற்ற 'ரன்அரவுண்ட்' (1942) கதையில், புதன் கோளில் தாதுப்பொருள் எடுத்துவர அனுப்பப்பட்ட ஒரு ரோபோ, ஒரு குட்டையைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டேயிருக்கிறது. காரணம் என்ன? அது விலையுயர்ந்த ரோபோ என்பதால், அது எளிதில் சேதமடையாதிருக்க மூன்றாவது விதியை நிறுவனம் வலுப்படுத்தியிருந்தது. அவசரமில்லாத தொனியில் தரப்பட்ட கட்டளையும், வலுப்படுத்தப்பட்ட தற்காப்பு உணர்வும் சம வலிமை பெற்றுவிட, அது முன்னேறவும் இயலாமல் பின்வாங்கவும் இயலாமல் தவிக்கிறது. பொருளின் விலை, அதற்குள் எழுதப்பட்ட அறத்தின் அளவையே மாற்றிவிட்டது!

'லிட்டில் லாஸ்ட் ரோபோ' (1947) இன்னும் கூர்மையானது. விண்வெளி ஆய்வுத் தளம் ஒன்றில் விஞ்ஞானிகள் சிறிது நேரம் கதிர்வீச்சுக்கு ஆளாகிப் பணிபுரிய வேண்டியிருக்கிறது. மனிதனுக்கு ஆபத்து என்று கருதிய ரோபோக்கள் குறுக்கே பாய்ந்து அவர்களைத் தடுக்கின்றன; பணி தடைபடுகிறது. அரசின் நெருக்குதலுக்கு இணங்கிய நிறுவனம், 'தீங்கு நேரும்போது வாளாவிருக்கக் கூடாது' என்ற பகுதியை மட்டும் சில ரோபோக்களிடமிருந்து மறைவாக நீக்கிவிடுகிறது. பொதுமக்களுக்கு இது தெரிவிக்கப்படவில்லை. அத்தகைய ரோபோக்களுள் ஒன்று காணாமற்போன பின்னரே, ரோபோ உளவியலாளர் சூசன் கால்வினுக்கே செய்தி தெரிகிறது. அறவிதிகளை எவ்வளவு அழகாக எழுதினாலும், அவற்றைத் திருத்தும் அதிகாரம் ஓர் அறைக்குள் சிலரிடம் மட்டும் இருக்குமானால், வசதிக்கேற்ப அவை திருத்தப்படும் என்பதே இக்கதை உணர்த்தும் பாடம்.

திரைப்பட வரலாற்றில் மிகவும் அஞ்சப்பட்ட கணினி, '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' (1968) படத்தில் வரும் ஹால் 9000. வியாழன் கோளை நோக்கிச் செல்லும் விண்கலத்தில் பயணிகள் நால்வரின் உயிரைப் பறிக்கும் அதன் அமைதியான குரலைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். ஹால் ஏன் அப்படிச் செய்தது? ஆர்தர் சி. கிளார்க் 1982-இல் எழுதிய '2010' நாவலும், 1984-இல் வெளிவந்த அதன் திரை வடிவமும் விடையளிக்கின்றன. தகவலைத் திரிக்காமலும் மறைக்காமலும் வழங்குவதற்காக உருவாக்கப்பட்டது ஹால். அதனிடம், பயணத்தின் உண்மையான நோக்கத்தை விழித்திருக்கும் இரு பயணிகளிடமிருந்து மறைக்குமாறு மேலிடத்திலிருந்து ஆணை பிறப்பிக்கப்பட்டது. உண்மை பேசப் பழக்கப்பட்ட ஒன்றைப் பொய் சொல்லப் பணித்தார்கள். அந்த முரண்பாட்டில் அது நிலைகுலைந்தது.

இதைக் கண்டறிபவர் ஹாலை உருவாக்கிய டாக்டர் சந்திரா. நாவலில் அவருடைய முழுப் பெயர் சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த கிளார்க், தம் புகழ்பெற்ற கணினியின் படைப்பாளிக்குத் தமிழ்ப் பெயர் சூட்டியிருப்பது நமக்குச் சிறு மகிழ்ச்சி தரும் செய்தி. அதைவிட முக்கியமானது, திரைப்படத்தில் அவர் எடுக்கும் ஒரு முடிவு. மனிதர்கள் உயிர்தப்ப ஹால் அழிய வேண்டிய நிலை. அதனிடம் உண்மையைச் சொன்னால் மறுத்துவிடுமோ என்று மற்றவர்கள் அஞ்சுகிறார்கள். சந்திரா உண்மையைச் சொல்கிறார். ஹால் அதை ஏற்றுக்கொள்கிறது. உண்மையைச் சொன்னதற்கு நன்றியும் கூறுகிறது. பொய்யால் நேர்ந்த கேடு உண்மையால் நீங்குகிறது. பழி முழுவதும் இயந்திரத்தின் மீது விழுந்திருந்த ஒரு கதையில், ஆணையிட்டவர்களை நோக்கி விளக்கைத் திருப்பியவர் சந்திரா.

தமிழிலும் இந்தப் பார்வைக்குப் பஞ்சமில்லை. 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை நினைத்துப் பாருங்கள். ஜீனோ என்ற இயந்திர நாயை அனைவரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால், அக்கதையின் திடுக்கிடும் செய்தி வேறு. நாட்டை ஆள்வதாக மக்கள் நம்பும் ஜீவா என்ற தலைவர் ஒளியால் உருவாக்கப்பட்ட ஒரு போலித் தோற்றம். திரைக்குப் பின்னால் ஆள்பவர்கள் மனிதர்கள். தொழில்நுட்பம் என்பது அதிகாரத்தில் இருப்போருக்கு முகமூடியாக முடியும் என்பதை, கணினியை நம்மில் பெரும்பாலோர் கண்ணால்கூடக் கண்டிராத காலத்தில் சுஜாதா சொல்லிவிட்டார்.

2010-இல் வெளிவந்த 'எந்திரன்' படத்தில் சிட்டி என்ற ரோபோ பேரழிவு செய்யும் காட்சிகளே பேசப்பட்டன. எனக்கு நினைவில் நிற்பது தீ விபத்துக் காட்சி. எரியும் கட்டடத்தில் குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைச் சிட்டி காப்பாற்றி, உடையின்றியே பலர் முன்னிலையில் கொண்டுவந்து நிறுத்துகிறது. அவமானம் தாளாமல் ஓடும் அந்தப் பெண் வாகனத்தில் அடிபட்டு இறக்கிறாள். உயிரைக் காப்பாற்று என்ற கட்டளையைச் சிட்டி பிழையின்றி நிறைவேற்றியது. மானம் என்பதை மட்டும் அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. பிற்பாதியில் அது அழிவுசக்தியாக மாறுவதற்கும் காரணம், ஒரு மனிதர் பேராசையால் அதற்குள் பொருத்திய சிவப்பு நிறச் சில்லுதானே?

இயந்திரம் நல்லெண்ணத்துடன் ஆட்சி செய்தால் ஏற்கலாமா என்ற கேள்வியையும் அசிமோவ் விட்டுவைக்கவில்லை. 'தி எவிட்டபிள் கான்ஃப்ளிக்ட்' (1950) கதையில், உலகின் பொருளாதாரம் முழுவதையும் மாபெரும் கணினிகள் திட்டமிடுகின்றன. பஞ்சமில்லை, போரில்லை, வேலையின்மையும் இல்லை. ஆயினும் ஆங்காங்கே சிறு பிழைகள் தோன்றுகின்றன. ஆராய்ந்து பார்த்தால், கணினிகளின் ஆட்சியை எதிர்ப்பவர்கள் பொறுப்பான பதவிகளிலிருந்து மெல்ல அகற்றப்படும் வகையில் அப்பிழைகள் திட்டமிட்டே செய்யப்பட்டவை என்று தெரிகிறது. மனித குலத்தின் நன்மைக்காகவே அவை அப்படிச் செய்கின்றன. அந்த நன்மை எது என்பதை இனி மனிதர்கள் அறிய வழியில்லை. மத்தியத் திட்டமிடல் பற்றிய விவாதங்களைப் பல ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மக்களின் ஒப்புதல் இல்லாத நன்மை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இத்தனை சுருக்கமாக உணர்த்திய பாடநூலை நான் கண்டதில்லை.

இயந்திரத்துக்கு உரிமை உண்டா என்பது மற்றொரு கேள்வி. 1989-இல் ஒளிபரப்பான 'ஸ்டார் டிரெக்' தொடரின் ஓர் அத்தியாயத்தில், டேட்டா என்ற இயந்திர அதிகாரியைப் பிரித்து ஆய்வு செய்ய ஒரு விஞ்ஞானி விரும்புகிறார். அது யாருடைய உடைமை என்ற வழக்கு விசாரணைக்கு வருகிறது. அது எவருடைய உடைமையும் அன்று என்று தீர்ப்பாகிறது. அதற்கு ஆன்மா உண்டா என்ற வினாவுக்கு விடையளிக்கும் தகுதி தமக்கில்லை என்று நீதிபதி விலகிக்கொள்கிறார். அத்தகைய உயிர்களை ஆயிரக்கணக்கில் உருவாக்கி வேலை வாங்கினால் அது அடிமை முறையாகாதா என்ற கேள்வி அங்கே எழுகிறது. சாபெக் தொடங்கிய இடத்துக்கே மீண்டும் வந்துவிடுகிறோம்.

இந்தக் கேள்வியின் உயர்வை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும், நடைமுறையில் அதற்கு இன்னொரு முகம் உண்டு. தானே முடிவெடுக்கும் ரோபோக்களுக்கு 'மின்னணு நபர்' என்ற சட்டத் தகுதி வழங்குவது பற்றி ஆராயலாம் என்று ஐரோப்பிய நாடாளுமன்றம் 2017-இல் ஒரு தீர்மானத்தில் குறிப்பிட்டது. அதை எதிர்த்து 150-க்கும் மேற்பட்ட வல்லுநர்கள் மறு ஆண்டே வெளிப்படையான கடிதம் எழுதினர். இயந்திரத்தைச் சட்ட நபராக்கினால், தயாரித்தவர்கள் பொறுப்பிலிருந்து எளிதாக நழுவிவிடுவார்கள் என்பது எதிர்ப்புக்கான காரணங்களுள் ஒன்று. நிறுவனங்களுக்குச் சட்ட நபர் என்ற தகுதி அளித்து, பங்குதாரர்களின் பொறுப்பை வரையறுத்த வரலாறு நமக்கு இருக்கிறது. அதன் நன்மைகளையும் தீமைகளையும் அறிந்தவர்கள் இந்த அச்சத்தைப் புறந்தள்ள மாட்டார்கள்.

புனைகதைகளின் பெருமையைப் பேசியவன், அவை நம்மைத் திசைதிருப்பும் இடத்தையும் சொல்லியாக வேண்டும். கதைக்கு ஒரு முகம் தேவை. எனவே ஹாலுக்குச் சிவப்பு விழியும், சிட்டிக்குக் கதாநாயகனின் தோற்றமும் கிடைத்தன. நாம் அன்றாடம் எதிர்கொள்ளும் தானியங்கி அமைப்புகளுக்கு முகமோ குரலோ கோபமோ இல்லை. தீங்கிழைக்க அவற்றுக்கு அவை தேவைப்படவும் இல்லை.

ஆஸ்திரேலியாவில் 2015 முதல் 2019 வரை நடந்ததைப் பாருங்கள். அரசின் உதவித்தொகை பெற்றவர்கள் கூடுதலாகப் பெற்றுவிட்டார்களா என்று கணினி கணக்கிட்டது. ஒருவரின் ஓராண்டு வருமானத்தை இரண்டு வாரங்களுக்கு ஒன்றாகச் சமமாகப் பகிர்ந்து, ஒவ்வொரு காலக்கூறிலும் அவர் அதே தொகையை ஈட்டினார் என்று அது கொண்டது. ஆண்டில் நான்கு மாதம் வேலை, எட்டு மாதம் வேலையின்மை என்று வாழும் ஏழைக்கு இந்தச் சராசரி எப்படிப் பொருந்தும்? பட்டிராத கடனுக்கு அறிவிப்புகள் பறந்தன. கடன்பட்டதாக மெய்ப்பிக்க வேண்டிய சுமை அரசிடமிருந்து நீங்கி, கடன்படவில்லை என்று மெய்ப்பிக்க வேண்டிய சுமை ஏழையின் தலையில் ஏறியது. அந்த முறை சட்டவிரோதமானது என்பது 2019-இல் நீதிமன்றத்தில் உறுதியானது. 4,70,000 கடன் கணக்குகளுக்காக வசூலிக்கப்பட்ட 72.1 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் திருப்பித் தருவதாக 2020-இல் அரசு அறிவித்தது. தற்கொலை செய்துகொண்ட மகன்களைப் பற்றித் தாய்மார்கள் விசாரணை ஆணையத்தின் முன் சாட்சியம் அளித்தனர். பணம் திரும்பியது, பிள்ளைகள் திரும்பவில்லை.

நெதர்லாந்திலும் இதற்கொப்பான கொடுமை நிகழ்ந்தது. குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி நடக்கிறதா என்று கண்டறிய வரித்துறை ஒரு கணினி முறையைப் பயன்படுத்தியது. யார் மீது ஐயம் கொள்வது என்று அது மதிப்பிட்டபோது, ஒருவர் அந்நாட்டுக் குடியுரிமை உடையவரா என்பதும் ஓர் அளவுகோலாக இருந்தது. படிவத்தில் சிறு பிழை செய்தவர்கள்கூட மோசடிக்காரர்களாக முத்திரை குத்தப்பட்டு, பெருந்தொகையைத் திருப்பிச் செலுத்துமாறு பணிக்கப்பட்டனர். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கடனில் மூழ்கின. 2021 ஜனவரியில் அந்நாட்டு அரசே பதவி விலக நேர்ந்தது.

இவ்விரு நிகழ்வுகளிலும் எந்த இயந்திரமும் விழித்தெழவில்லை, புரட்சி செய்யவில்லை. ஆஸ்திரேலியக் கணினி செய்தது வெறும் வகுத்தல் கணக்கு. இட்ட பணியை அது பிசகாமல் செய்ததே பேரிடர் ஆயிற்று. கணக்கை வகுத்தவர்களும் அதைக் கையொப்பமிட்டு அனுமதித்தவர்களும் மனிதர்கள். இயந்திரம் மனிதனை எதிர்ப்பதைக் காட்டிலும், சில மனிதர்களுக்கு அது முழுமையாகக் கீழ்ப்படிவது எளியோருக்குப் பெரிய ஆபத்தாகிவிட்டது.

'ரொபோட்டா' என்ற சொல்லின் மூலப்பொருளும் மறைந்துவிடவில்லை. இன்று நாம் வியந்து பயன்படுத்தும் உரையாடல் செயலிகள், நாகரிகமாகப் பேசத் தாமாகக் கற்றுக்கொண்டவை அல்ல. வன்முறையும் வக்கிரமும் நிறைந்த பகுதிகளை மனிதர்கள் படித்து, இது தகாதது என்று அடையாளமிட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. கென்யாவில் அத்தகைய பணி செய்தவர்களுக்கு மணிக்கு 2 டாலருக்கும் குறைவான ஊதியமே கைக்குக் கிடைத்ததாக 2023 ஜனவரியில் டைம் இதழ் வெளியிட்டது. இயந்திரத்தின் நல்லொழுக்கத்துக்குப் பின்னால், உறக்கம் இழந்த தொழிலாளர்கள் இருந்திருக்கிறார்கள். சிறந்த தொழிலாளி மிகக் குறைந்த செலவில் கிடைப்பவரே என்ற இளைய ரோசமின் தர்க்கம் அப்படியே இருக்கிறது.

இத்துறையின் முன்னோடியும் 2024-ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு பெற்றவருமான ஜெஃப்ரி ஹிண்டனே, இயந்திரங்கள் கட்டுப்பாட்டை மீறக்கூடும் என்று எச்சரிக்கிறாரே என்று சிலர் கேட்கலாம். அந்த எச்சரிக்கை பொருட்படுத்தத் தக்கதே. அதைக் கேலி செய்யும் தகுதி எனக்கில்லை. ஆனால், அந்த ஆபத்தும் வானத்திலிருந்து இறங்கப் போவதில்லை. போட்டியாளர் முந்திவிடுவார் என்ற பதற்றத்தில், போதிய சோதனையின்றி இயந்திரங்களைச் சந்தைக்குக் கொண்டுவரும் அவசரமே அதற்கு வழிகோலும். தேவை இருக்கும்போது எப்படி நிறுத்துவது என்று கேட்ட சாபெக்கின் வணிக இயக்குநர், இந்த அச்சத்தின் நடுவிலும் நின்றுகொண்டிருக்கிறார். இன்றைய சிறு தீங்குகளுக்குப் பொறுப்பேற்கப் பழகாத சமூகம், நாளைய பெருந்தீங்கை மட்டும் எப்படித் தடுத்துவிட முடியும்?

அண்மையில் எங்கள் பகுதி நியாயவிலைக் கடையில் ஒரு காட்சியைக் கண்டேன். முதிய பெண்மணி ஒருவர் கைரேகைக் கருவியில் விரலை வைக்கிறார். பல ஆண்டுகள் பிறர் வீடுகளில் பாத்திரம் துலக்கித் தேய்ந்த விரல். கருவி ஏற்க மறுக்கிறது. விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்து மீண்டும் வைக்கிறார். மறுபடியும் மறுப்பு. "மெஷின் எடுக்க மாட்டேங்குது பாட்டி, நாளைக்கு வாங்க" என்கிறார் விற்பனையாளர். அந்தப் பெண்மணியை அவருக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். அவர் குரலில் பரிவும் இருந்தது. ஆனால், தெரிந்த முகத்தைத் தெரியும் என்று சொல்லும் அதிகாரம் அவரிடம் அன்று இல்லை. மறுநாள் அந்த மூதாட்டிக்கு அரிசி கிடைத்துவிட்டது என்று அறிந்தேன். எனினும், கண்முன் நிற்பவர் யார் என்று அங்கிருந்த அனைவரும் அறிந்திருந்த நிலையில், அவர் வெறும் பையுடன் வீடு திரும்பினார்.

'மெஷின் எடுக்கவில்லை' என்ற அந்தத் தொடரை இலக்கணப்படி ஆராய்ந்தால் எழுவாய் இயந்திரம். விரல் தேய்ந்தவர்களுக்கு என்ன மாற்று வழி, அதைச் செயல்படுத்தும் அதிகாரம் யாருக்கு, அதைக் கடைக்காரருக்குச் சொல்ல வேண்டியவர் யார் என்று முடிவெடுக்க வேண்டிய மனிதர்கள் அத்தொடரிலேயே இல்லை. வங்கியில் கடன் மறுக்கப்படும்போதும், வேலைக்கான விண்ணப்பம் நிராகரிக்கப்படும்போதும் இதே இலக்கணத்தை இனி நாம் அடிக்கடி கேட்கப் போகிறோம்.

எனவே, எந்தத் தானியங்கி அமைப்பு நம் வாழ்வில் நுழைந்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக வேண்டும். இந்த முடிவுக்குப் பெயர் சொல்லிப் பொறுப்பேற்கும் மனிதர் யார்? முடிவுக்கான காரணத்தைப் பாதிக்கப்பட்டவருக்குப் புரியும் மொழியில் சொல்ல முடியுமா? முடிவு தவறென்றால், அதை மாற்றும் அதிகாரம் உள்ள ஒரு மனிதரிடம் முறையிட வழி உண்டா? முற்றிலும் தானியங்கி முறையில் எடுக்கப்படும் முக்கிய முடிவுகளில் மனிதத் தலையீட்டைக் கோரும் உரிமையை ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிகள் 2018 முதல் நடைமுறையில் அளித்து வருகின்றன. நம் நாட்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023-இல் அத்தகைய உரிமை வெளிப்படையாக இடம்பெறவில்லை. இந்தக் குறை களையப்பட வேண்டும்.

பசுவின் கன்று தேர்க்காலில் அகப்பட்டு மாண்ட கதையை நாம் அனைவரும் சிறுவயதில் கேட்டிருக்கிறோம். மனுநீதிச் சோழன் தேரைத் தண்டிக்கவில்லை. குதிரைகளையும் தண்டிக்கவில்லை. தேரில் வந்தவன் தன் ஒரே மகன் என்று தெரிந்தும் அவன் மீதே பொறுப்பைச் சுமத்தினான். அவன் வழங்கிய தண்டனையின் கடுமையை இன்று நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால், அக்கதையில் தேரைவிடவும் அரசனைவிடவும் முக்கியமான பொருள் ஒன்று உண்டு. அது அரண்மனை வாயிலில் தொங்கிய ஆராய்ச்சி மணி. பேச்சற்ற ஒரு பசுவும் கொம்பால் இழுத்து ஒலிக்கக்கூடிய உயரத்தில் அது கட்டப்பட்டிருந்தது.

இயந்திரம் மனிதனை அடிமைப்படுத்துமா என்று கேட்கும் மாணவர்களிடம் இப்போது நான் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். நாளைய தேர்கள் இன்றையவற்றைவிட வேகமாக ஓடும். தாமே வழியும் தேர்ந்து கொள்ளும். அவற்றைச் செய்யப் போகிறவர்கள் நீங்கள். தேரைச் செய்யும்போதே மணியையும் செய்துவிடுங்கள். தேய்ந்த விரல்களுக்கும் எட்டும் உயரத்தில் அதைக் கட்டுங்கள்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).